ஆயிரத்துக்குப் பதிமூன்று குறைவு

காசிமேடு. மீன் வெட்டுகிற பலகைக்குப் பக்கத்தில் கிடாரைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான் சேகர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவன் (பல நேரம் தானே கேட்கிறவனும்). அத்தை சங்கராவுக்குச் செதில் சீவிக்கொண்டிருக்கிறார்.

அத்தை: ஏன்டா, பாட்டு வெளியே வந்து வருஷம் ஆகப்போகுது, காசு ஏதாவது வந்ததா?

சேகர்: பாட்டு கேட்கிற ஸ்பாட்டிஃபை ஆப்பில் 2024ல் இருந்து ஒரு விதி அத்தை. காசு வர வேண்டுமென்றால் 12 மாதத்தில் ஒரு பாட்டு 1000 தடவையாவது ஓடியிருக்க வேண்டும். என்னுடையது 987.

அத்தை: அந்த 987க்கு?

சேகர்: ஒன்றும் கிடையாது.

அத்தை: அடப்பாவி! 987 பேர் என் கூடையில் இருந்து மீனை அள்ளிக்கொண்டு போய், குழம்பு வைத்துத் தின்று, கையையும் கழுவிவிட்டு, ஆயிரமாவது ஆள் வரட்டும் அப்புறம் பார்க்கலாம் என்றால் நான் இந்தக் கத்தியை எதற்குடா வைத்திருக்கிறேன்? சரி, நான் தினம் நாலு தடவை போடுகிறேனே, அதைச் சேர்த்தாயா?

சேகர்: அது நான் வாட்ஸப்பில் அனுப்பினது. கணக்கில் வராது.

அத்தை: முன்னாடியே சொல்லியிருந்தால் ஒரு தடவையோடு நிறுத்தியிருப்பேனே.

சேகர்: கேட்க ஆள் இருக்கிறார்கள் அத்தை. 30 வினாடி ஓடினால்தான் ஒரு தடவை என்று எண்ணுவார்கள், அதற்குள் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அத்தை: போகாமல்? நீ வாயைத் திறக்கவே ஒரு நிமிஷம் ஆகிறது, அதுவரைக்கும் டிங்கு டிங்கு என்று கிடாரைத் தடவிக்கொண்டே இருக்கிறாய். உன் மாமா சாவு வீட்டில் கானா பாடும்போது சட்டியை ஒரு தட்டு தட்டுவார், அடுத்த தட்டுக்குள் செத்தவர் பேர், அப்பன் பேர், வேலை பார்த்த இடம் எல்லாம் வந்துவிடும். விடியும்போது கையில் காசு.

சேகர்: கானா இப்போது சாவு வீட்டோடு நிற்கவில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவினர் கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் ஏற்றினார்களே, அந்தக் கூட்டத்தில் நின்றபோதுதான் கிடார் வாங்க முடிவு செய்தேன்.

அத்தை: தெரியும், என் சீட்டுப் பணம்.

சேகர்: இது கொஞ்சம் டல்லான சமயம், அவ்வளவுதான்.

அத்தை: விசைப்படகுக்கே தடைக்காலம் ஏப்ரல் 15ல் இருந்து 61 நாள்தான்டா.

சேகர்: அடுத்த வாரம் ஒரு காபிக் கடையில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். காசு கிடையாது, எக்ஸ்போஷர் கிடைக்கும். அதாவது, நாலு பேர் பார்க்கிற மாதிரி வெளியே கிடப்பது.

அத்தை: அதற்கு நாங்கள் கருவாடு என்போம். இந்தா, 500 ரூபாய் பிடி.

சேகர்: எதற்கு?

அத்தை: அட்வான்ஸ். பின் தெரு தாத்தா கொடுத்தார். அவர் காரியத்துக்கு நீதான் பாட வேண்டுமாம்.

சேகர்: காலையில்கூட டீக்கடையில் பார்த்தேனே, நன்றாகத்தானே இருக்கிறார்!

அத்தை: அதனால்தான் முன்கூட்டியே ஒரு தடவை பாடிக் காட்டச் சொன்னார். ஆரம்பத்தில் வருகிற அந்தக் கிடாரை மட்டும் எடுத்துவிடுவாயாம், அவ்வளவு நேரமெல்லாம் தன்னிடம் இல்லையாம்.