பெல்ஜியம் அன்று வழி விட்டிருக்க வேண்டுமா?

"பெல்ஜியம் பேசாமல் ஜெர்மன் படைக்கு வழி விட்டிருந்தால் அத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள்." முதல் உலகப் போர் பற்றிய பேச்சில் யாராவது இப்படிச் சொல்லும்போது எனக்கு மனம் கொதிக்கிறது.

1914 ஆகஸ்ட் 2, ஞாயிறு மாலை 7 மணி. பிரான்ஸைத் தாக்கப் போகும் படைக்குப் பாதை கேட்டு ஜெர்மன் தூதர் பிரஸ்ஸல்ஸில் கடிதம் கொடுக்கிறார். பதிலுக்கு 12 மணி நேரம்தான் கெடு. 1839 லண்டன் ஒப்பந்தத்தில் பெல்ஜியத்தின் நடுநிலைமையைக் காப்பதாக உறுதி கொடுத்த நாடுகளில் பிரஷ்யாவும் (பின்னாளில் ஜெர்மனியை ஒன்றிணைத்த அரசு) ஒன்று. காவலுக்கு நிற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவனே கதவை உடைக்க வந்து நிற்கிறான்! மன்னர் ஆல்பர்ட்டும் அமைச்சர்களும் இரவெல்லாம் கூடிப் பேசி, காலை 7 மணிக்கு முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சரி என்றிருந்தால் அது அண்டை நாட்டை அடிக்கத் துணைபோனது ஆகியிருக்கும். அதற்கு நடுநிலை என்று பெயரில்லை.

என் வருத்தமெல்லாம் அந்த இரவுக்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றித்தான். ஜெர்மன் எல்லைக்கு அருகிலுள்ள லியேஜ் நகரைச் சுற்றி 12 கோட்டைகளை 1888இல் தொடங்கிக் கட்டினார்கள். இரும்புக் கம்பி வைக்காத வெறும் கான்கிரீட். பீரங்கிகள் பெருத்துக்கொண்டே போயின, கோட்டைகள் அப்படியே நின்றன. படைக்கு ஆள் எடுப்பதோ 1909 வரை குலுக்கல் முறையில். சீட்டு விழுந்தாலும் காசுள்ளவர்கள் தங்கள் பிள்ளைக்குப் பதிலாக ஏழை வீட்டுப் பையனை அனுப்பிவிடலாம். ஆல்பர்ட்டுக்கு முந்தைய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் (காங்கோவில் நடந்த கொடுமைகளுக்காக அவரை என்னால் மன்னிக்க முடியாது) மரணப் படுக்கையில்தான் இதை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். எல்லோருக்கும் கட்டாய ராணுவ சேவை வந்தது 1913இல். ஒரே வருடத்தில் எந்தப் படை தேறும்?

இன்னொன்றும் உண்டு. யாருக்கும் சாயக் கூடாது என்பதற்காக ஒரு டிவிஷன் (பெரிய படைப்பிரிவு) ஜெர்மனியைப் பார்த்தும், இரண்டு பிரான்ஸைப் பார்த்தும், ஒன்று கடலுக்கு அப்பாலுள்ள பிரிட்டனைப் பார்த்தும் நின்றன. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படை எல்லை தாண்டியது. 42 செ.மீ. பீரங்கியின் குண்டு லியேஜின் லோன்சின் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கைப் பிளந்தது. லியேஜைக் காத்த தளபதி ஜெனரல் லெமான் இடிபாடுகளுக்குள் மயங்கிக் கிடந்தபோது பிடிபட்டார். 16ஆம் தேதி கடைசிக் கோட்டையும் விழுந்தது. டினான்ட் ஊரில் பொதுமக்கள் 674 பேரைக் கொன்றார்கள். லூவன் பல்கலைக்கழக நூலகத்தை எரித்தார்கள். மறுத்ததால்தானே இதெல்லாம் என்பவர்களைக் கேட்கிறேன்: சுட்டவனை விட்டுவிட்டுச் செத்தவனிடமா கணக்குக் கேட்பீர்கள்?

அக்டோபர் கடைசியில் பெல்ஜியர்கள் கடலோர ஊரான நியூபோர்ட்டின் மதகுகளைத் திறந்து, சொந்த வயல்களுக்குள் கடல்நீரை விட்டு எதிரியை நிறுத்தினார்கள். மிஞ்சிய அந்தச் சிறு மூலையில் நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள். போர் முடிந்ததும் பழைய 1839 ஏற்பாட்டைக் கைவிட்டு, 1920இல் பிரான்ஸுடன் ராணுவ உடன்பாடு செய்துகொண்டது பெல்ஜியம். 1913இல் அதைச் செய்திருந்தால் ஒப்பந்தத்தை மீறியவர்கள் என்ற பழி அவர்கள் மேல் விழுந்திருக்கும்.