சர்தௌக்கார் படைய பத்தி ஒண்ணு விட்டுட்டீங்க

கட்டுரையில டியூன்ங்கிற அறிவியல் புனைகதை நாவல்ல வர்ற பேரரசரோட சர்தௌக்கார் படைய வெறும் ட்ரெயினிங்கால உருவான கமாண்டோ மாதிரி எழுதி பெரிய ரேங்க் சார்ட்டும் போட்டுருக்கீங்க, அத என்னால ஏத்துக்க முடியல. லெவன்பிரெக், பஷார், பர்செக்னு பதவி இருக்கு, பர்செக்னா தளபதி, சரி. ஆனா 1965ல வந்த அந்த நாவலோட சொல்லகராதியிலயே தெளிவா போட்டுருக்கே, அவங்க பொறந்து வளர்ற சூழல்ல 13 பேருக்கு 6 பேர் 11 வயசுக்குள்ள செத்துருவாங்கன்னு! சலூசா செகண்டஸ்ங்கிற அந்த சிறைக் கிரகம்தான் மொத வாத்தியாரு, பதவியெல்லாம் அதுக்கப்புறம்தான். நான் பாம்பன்காரன், எங்கப்பா 12 வயசுல வள்ளம் ஏறுனவரு, வடகடல்ல ஒரு காத்து தென்கடல்ல ஒரு காத்துன்னு ஒடம்பாலயே படிச்சவரு, அத எந்த வகுப்புலயும் சொல்லித்தர முடியாதுங்க, அதனாலதான் இந்த இடம் எனக்கு அவ்ளோ முக்கியமா படுது. ஒரு சர்தௌக்கார் சாதாரண வீரன் 10 பேருக்கு சமம்னு பேரு, அப்பேர்பட்ட படையே பேரரசர் நாலாம் ஷத்தாம் காலத்துல மெத்தனமும் அவநம்பிக்கையும் புகுந்து தேஞ்சு போச்சு, அவங்கள அடிச்சது யாரு, சலூசாவ விட கொடுமையான பாலைவனத்துல வளர்ந்த ஃப்ரெமென் சனங்க. இத பத்தியும் ஒரு பாகம் எழுதுங்க அண்ணே, காத்திருக்கேன்.