என் அம்மா பெயர் மேடம்மா இல்லை ஐயா

ராணுவ ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து மூன்றாவது தடவையாகக் கடுதாசி வந்திருக்கிறது. ஸ்பீடு போஸ்ட். உள்ளே ஒரே ஒரு தாள். அதற்கு ராணுவ பாஷையில் ‘அப்சர்வேஷன்’ என்று பெயர். நாம் அனுப்பிய காகிதத்தில் என்ன சொத்தை என்று அவர்கள் கண்டுபிடித்துச் சொல்வது. இந்தத் தடவை கண்டுபிடித்த சொத்தை: அபிடவிட்டில், அதாவது சத்தியப் பத்திரத்தில், அப்பா மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அம்மாவும் போட வேண்டும். இதைப் போன தடவையே சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா? மாட்டார்கள். ஒரு தடவைக்கு ஒரு சொத்தைதான்.

விஷயம் இவ்வளவுதான். அப்பா 1969-ல் பட்டாளத்துக்குப் போய், 1986-ல் ஹவில்தாராகத் திரும்பி வந்தவர். அம்மா பெயர் மாதம்மாள். எங்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் மாதம்மாள், மாதையன், மாது இல்லாத தெருவே கிடையாது. ஆனால் பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது அப்பாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் இருக்கும் இடத்தில் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்தால் ‘மேடம்மா’ என்றுதான் வருகிறது. நாற்பது வருஷம் மாந்தோப்பிலும் களத்து மேட்டிலும் கூலிக்கு நின்ற என் அம்மாவை மேடம் என்று கூப்பிட்ட ஒரே ஆள் இந்திய ராணுவத்தின் கிளார்க்தான்.

எப்படி நடந்தது என்று அப்பாவைக் கேட்டேன். 1976-ல் கல்யாணம். லீவு முடிந்து யூனிட்டுக்குப் போனதும் பார்ட் டூ ஆர்டர் போட வேண்டும் என்று கிளார்க் கூப்பிட்டிருக்கிறார். சிப்பாய் வாழ்க்கையில் கல்யாணம், குழந்தை, பதவி உயர்வு எது நடந்தாலும் அந்த ஆர்டரில் ஏறினால்தான் ரெக்கார்டில் ஏறும். வடநாட்டுக் கிளார்க் ‘பீவி கா நாம்?’ என்று கேட்க, அப்பா சொல்ல, அவர் காதில் விழுந்ததை எழுதிவிட்டார். இங்கிலீஷில் ‘த’ எழுதும்போது நாம் கூடவே ஒரு ஹெச் சேர்ப்போம். வடக்கே அந்தப் பழக்கம் இல்லை, அதனால் படிக்கும்போது ‘த’ ‘ட’ ஆகிவிட்டது. கடைசி ‘ள்’ அவர் காதுக்குள் போகவே இல்லை. பிறந்த தேதி கேட்டாராம். அப்பாவுக்கு எப்படித் தெரியும், அம்மாவுக்கே தெரியாதே! கிளார்க்கே 1956 ஜூலை 1 என்று ஒன்றைப் போட்டுக்கொண்டார். பத்து வருஷம் கழித்து வீட்டுக்கு வரும்போது டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுத்து இங்கே ஒரு கையெழுத்து என்றிருக்கிறார்கள். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் எவன் பொண்டாட்டி பெயருக்கு எழுத்துக் கூட்டிப் பார்ப்பான்?

ஆதாரில் அம்மா மாதம்மாள்தான். பிறந்த தேதி மட்டும் 1958 ஜனவரி 1. வயதைச் சொல்லத்தான் தெரியும், தேதி தெரியாது என்றவர்கள் எல்லோரையும் ஆதார்காரர்கள் ஜனவரி ஒன்றாம் தேதியிலேயே பிறக்க வைத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் புத்தாண்டு அன்று கேக் வெட்டினால் பாதிக் கிழவிகளுக்குப் பிறந்தநாள் முடிந்துவிடும்.

‘இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது என்ன அவசரம்?’ என்று ஒருவர் கேட்டார். அவரை அறையத் தோன்றியது. அப்பாவுக்கு இப்போது எழுபத்தைந்து. அவர் இருக்கிறவரை அவருடைய பென்ஷன் தானாக வரும். ஸ்பர்ஷ் என்கிற ராணுவப் பென்ஷன் இணையதளத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறேன் என்று காட்டினால் போதும். அவருக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் யாருக்கு? பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவில் உள்ள மேடம்மாவுக்கு. மாதம்மாள் போய் நின்றால் நீ யார் என்பார்கள். பக்கத்து ஊரில் ஒரு பாட்டிக்கு இதேதான் நடந்தது. தாத்தா செத்த துக்கம் ஆறுவதற்குள், நான்தான் அந்த மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று ஒவ்வொரு மேஜையாகப் போய் நிரூபித்துக்கொண்டிருந்தார். சாட்சி சொல்ல வேண்டிய ஒரே ஆள் மண்ணுக்குள் இருந்தார். அதனால்தான் அவசரம். பிறந்த தேதியும் சும்மா இல்லை. எண்பது வயது முடிந்தால் ஓய்வூதியத்தில் இருபது சதவீதம் கூடும். அம்மாவுக்கு எண்பது வருவது 2036-லா 2038-லா?

சரி, திருத்த என்ன செய்ய வேண்டும்? நோட்டரி செல்லாது, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன்னால் அபிடவிட். மேடம்மாவும் மாதம்மாளும் ஒரே ஆள் என்று தாசில்தாரிடம் ஒரு சான்று. அதற்கு முதலில் வி.ஏ.ஓ., அப்புறம் ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர். ஒரு இங்கிலீஷ் பேப்பர், ஒரு தமிழ் பேப்பர், இரண்டிலும் விளம்பரம். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஆதார், பான் எல்லாவற்றுக்கும் நகல். தம்பதியாக ஒரு ஜாயிண்ட் போட்டோ. ரெக்கார்ட் ஆபீஸ் ஒத்துக்கொண்டால் புதிதாகப் பார்ட் டூ ஆர்டர். அது பிரயாக்ராஜில் உள்ள ராணுவப் பென்ஷன் அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்து திருத்திய பி.பி.ஓ. வர வேண்டும். முதல் தடவை, தமிழ் விளம்பரத்துக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இல்லை என்று திருப்பினார்கள். இரண்டாவது தடவை, போட்டோவில் அட்டஸ்டேஷன் முத்திரை முகத்தின் மேல் விழவில்லை என்றார்கள். முகத்தின் மேல் விழுந்திருந்தால் முகம் தெரியவில்லை என்றிருப்பார்கள்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. தப்பாக எழுதியது யார்? உங்கள் பேனா, உங்கள் கிளார்க், உங்கள் முத்திரை. கோர்ட்டில் போய் சத்தியம் செய்ய வேண்டியது எழுபது வயதை நெருங்கும் என் அம்மாவா? ஆர்மி நம்பர் சரியாக இருக்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அப்பா அந்த நம்பரை அட்டென்ஷனில் நின்று சொல்வார். உயரம், அங்க அடையாளம், 1971 சண்டைக்குக் கொடுத்த மெடல், எல்லாம் ஒரு புள்ளி பிசகாமல் இருக்கிறது. மனைவி பெயரில் மட்டும் அந்தப் புத்தகத்தை நம்பினால்தான் ஆயிற்று என்கிறார்கள்.

இதில் இன்னொரு கூத்து. அப்பா பிறந்தபோது எங்கள் ஊர் சேலம் மாவட்டம். 1965-ல் தர்மபுரி மாவட்டம் ஆனது. டிஸ்சார்ஜ் புக்கில் தர்மபுரிதான் இருக்கிறது. 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் ஆனது. 2018-ல் அலகாபாத் பிரயாக்ராஜ் ஆனது. இதில் எதற்காவது யாராவது அபிடவிட் போட்டார்களா? பேப்பரில் விளம்பரம் கொடுத்து, ‘சேலமும் கிருஷ்ணகிரியும் ஒன்றே’ என்று தாசில்தாரிடம் சான்று வாங்கினார்களா? ஊருக்கே பெயர் மாற்றலாம், ஒரு பொம்பளையின் பெயரில் விட்டுப்போன ‘ள்’ளைச் சேர்க்க முடியாது.

மாவட்டத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று இருக்கிற அலுவலகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கே உட்கார வைத்துப் பேசினார்கள், படிவத்தை அனுப்பியும் வைத்தார்கள். கோபம் மற்ற கவுண்டர்களில்தான். அப்பா ஒவ்வொரு தடவையும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, ஆபீஸ் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்பார். பட்டாளத்துப் பழக்கம். இருபத்தைந்து வயதுப் பையன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘தாத்தா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ என்பான். இவர் விறைப்பாக, ‘சரிங்க சார்’ என்பார். அந்த ‘சார்’தான் எனக்குத் தாங்க முடிவதில்லை. நான் குரலை உயர்த்தினால் என் கையைப் பிடித்து இழுப்பார். ‘அவங்க டூட்டி அது, விடுப்பா.’

அம்மாவுக்கு இது எதுவும் பிடிபடவில்லை. நேற்று ராத்திரி கேட்டார், ‘நானு நானுதான்னு சொல்றதுக்கு எதுக்குடா சாமி கோர்ட்டு?’ கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர், பேரப்பிள்ளைகளிடம் எழுதப் பழகி இப்போது தமிழில் கையெழுத்துப் போடுகிறார். மா, த, ம், மா, ள். ஐந்து எழுத்து, ஒன்றுகூடத் தப்பில்லை.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பட்டாளத்துக்காரர் இருந்தால் இன்றைக்கே டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பாருங்கள். மனைவி பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர், அப்பா பெயருக்கான இனிஷியல். அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே பாருங்கள்.

திங்கட்கிழமை மறுபடியும் மாஜிஸ்திரேட் கோர்ட். இரண்டு பேரும் வர வேண்டும். அப்பா இன்றைக்கே ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வாசலில் வைத்துவிட்டார்.