தினமும் 100 சிட்-அப் போட்டால் முதுகு வலியே வராதா?

"தினமும் 100 சிட்-அப் போடுங்கள், ஆயுசுக்கும் முதுகு வலி எட்டிப் பார்க்காது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது சரியல்ல.

மல்லாந்து படுத்து உடலைத் தூக்கி உட்காரும் சிட்-அப்பில் கீழ்முதுகு திரும்பத் திரும்ப வளைந்து அழுந்துகிறது. அமெரிக்கக் கடற்படையே 2021-இல் அந்த வகைப் பயிற்சியை உடல்தகுதித் தேர்விலிருந்து எடுத்துவிட்டு, உடலைப் பலகை போல நேராகத் தாங்கி அசையாமல் இருக்கும் 'பிளாங்க்' பயிற்சியை வைத்தது.

அதற்காக உடற்பயிற்சியே வீண் என்றில்லை. 2016-இல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' என்ற மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வில், உடற்பயிற்சியால் முதுகு வலி வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைந்தது. இடுப்பு பெல்ட்டால் பலன் தெரியவில்லை. இதழின் பெயரோடு 'Prevention of Low Back Pain' என்று போட்டு இணையத்தில் தேடினால் சுருக்கம் கிடைக்கும். குறைவது வேறு, வராமலே போவது வேறு.

பிளாங்க் செய்வதானால், குப்புறப் படுத்த நிலையில் முழங்கையும் கால்விரலும் ஊன்றி, இடுப்பு தொய்யாமல் 10 விநாடி தாங்கினாலே தொடக்கத்துக்குப் போதும். வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனால் மருத்துவரைப் பாருங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.