சாம்பாரில் பருப்பு எவ்வளவு?

"எங்க வீட்டுல சைவம்தான், அதனால உடம்புக்கு ஒரு குறையும் வராது" என்று யாராவது சொன்னால் நான் ஒரு கேள்வி கேட்பேன். உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு பருப்பு வேகிறது? பெரும்பாலும் பதில் வராது. அரிசி எத்தனை டம்ளர் களைகிறோம் என்பது எல்லோருக்கும் அத்துப்படி. பருப்பு மட்டும் எப்போதும் "ஒரு கைப்பிடி".

நான் பிறந்ததிலிருந்து சைவம். திருநெல்வேலிப் பக்கம், முட்டைகூட வாசலைத் தாண்டாத குடும்பம். இந்தச் சாப்பாட்டின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். ஆனால் அதை வைத்து யாரையும் விட உசத்தி என்று நினைத்ததில்லை. 2014-ல் மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. இருந்தாலும் இந்தப் பதிவு அந்த மூன்று பேருக்கு மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற வீட்டிலும் மற்ற ஆறு நாளும் நடப்பது ஏறக்குறைய எங்கள் வீட்டுச் சமையல்தான்: சோறு, குழம்பு, ரசம், ஒரு பொரியல், மோர்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சைவம் சாப்பிடுகிறவருக்குச் சொல்லும் அளவு, நாளைக்குச் சுமார் 85 கிராம் பருப்பு, பயறு வகைகள். வேகவைக்காத எடை. அதோடு 300 மில்லி பால் அல்லது தயிர். இப்போது நம் அடுப்படிக்கு வருவோம். நாலு பேர் உள்ள வீட்டில் மத்தியானச் சாம்பாருக்கு நூறு கிராம் துவரம்பருப்பு போட்டால் அது தாராளம். ஆளுக்கு 25 கிராம். அதில் புரதம் ஐந்தரை கிராம். ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கிற மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பை மட்டும் நம்பியிருக்கிற வீட்டில் இன்னும் மோசம். அங்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் சொச்சம்தான் வரும்.

அதற்காகப் புரதமே இல்லை என்று பயமுறுத்த மாட்டேன். அரிசியிலும் நூறு கிராமுக்கு ஏழெட்டு கிராம் புரதம் இருக்கிறது. இட்லியில் உளுந்து இருக்கிறது, தயிர் இருக்கிறது. மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிற ஒருவருக்குக் கூட்டிப் பார்த்தால் எண்ணிக்கை பரவாயில்லை என்றே தோன்றும். சிக்கல், அதில் பாதிக்கு மேல் அரிசியிலிருந்து வருவதுதான். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைவான மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அரிசியில் உண்டு. இரண்டும் போதிய அளவில் சேர்ந்தால்தான் உடம்பு அந்தப் புரதத்தை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளும். நல்ல தரமான புரதம் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் போதும், தானியமே பெரும்பங்கு என்றால் கிலோவுக்கு ஒரு கிராம் வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்வதும் இதனால்தான். எங்கள் தட்டில் அரிசி மலையாகவும் பருப்பு அதன்மேல் தூவிய மஞ்சள் தண்ணீராகவும் இருந்தால், வயிறு நிறையும், சர்க்கரையும் ஏறும், தசைக்குப் போக வேண்டியது போகாது.

எனக்கு ஆதங்கம் என்னவென்றால், இதற்கு வெளியூரிலிருந்து எதுவும் வர வேண்டியதே இல்லை. எங்கள் ஊரில் உளுந்தஞ்சோறு உண்டு. தோல் உளுந்தும் அரிசியும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்த் துருவலும் சேர்த்து வடிப்பார்கள், தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். உளுந்து புரதத்தைப் பார்த்துக்கொள்கிறது, எள் சுண்ணாம்புச் சத்தைப் பார்த்துக்கொள்கிறது. எள்ளில் நூறு கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகிற அரிசிபருப்பு சாதம், பச்சைப்பயறு கடைசல், கொள்ளு ரசம். தஞ்சாவூர்க்காரர்கள் பீன்ஸையும் கொத்தவரங்காயையும் பருப்போடு உசிலியாக்கிவிடுவார்கள். பொரியல் என்ற பேரில் வெறும் காய் மட்டும் வந்து விழாது. அடைக்கு அரிசியும் பருப்பும் கிட்டத்தட்ட சரிபாதி. தட்டைப்பயற்றுக் குழம்பு, மொச்சைக் குழம்பு, பருப்புத் துவையல், உளுந்தங்களி என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவையெல்லாம் எங்கே போயின? மாவு அரைத்து வைத்துவிட்டால் வாரம் முழுக்க இட்லி, தோசை என்று ஓடிவிடுகிறது. வேலைக்குப் போகிற வீட்டில் அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்த மாவில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்குதான் உளுந்து. தொட்டுக்கொள்வதும் தேங்காய்ச் சட்னி என்றால் அந்த வேளை ஏறக்குறைய அரிசி வேளைதான். அன்றைக்கு ஒரு கிண்ணம் பயறு வேகவைத்து வைத்தால் போதும், கதை மாறிவிடும்.

நவராத்திரி ஒன்பது நாளும் ஒரு கொண்டைக்கடலை, ஒரு காராமணி, ஒரு பட்டாணி என்று தினம் ஒரு சுண்டல் செய்கிறோம் அல்லவா? அந்த ஒன்பது நாள் சைவச் சாப்பாடுதான் என் கணக்கில் சரியான சைவச் சாப்பாடு. ராத்திரி ஊறப்போட்டால் காலையில் குக்கரில் நாலு விசில். இதற்குப் பண்டிகை வரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஊறவைப்பதிலும் முளைகட்டுவதிலும் இன்னொரு லாபம் உண்டு. இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிற ஃபைட்டேட் குறைகிறது. மாவு புளிப்பதிலும் இதேதான் நடக்கிறது.

யார் சாப்பிடுகிறார்கள் என்பதையும் பேசியாக வேண்டும். ஒரே சமையல், ஆனால் எல்லாத் தட்டும் ஒன்று இல்லை. அம்மாமார்கள் கடைசியில் உட்காரும்போது கூட்டும் பொரியலும் தீர்ந்திருக்கும். ரசமும் ஊறுகாயும் மிச்சம். சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம் என்று விரதமும் அவர்கள் தலையில்தான் அதிகம் விழுகிறது. வயதானவர்கள் நிலைமை இன்னும் வருத்தம். "வயசாயிடுச்சு, ரெண்டு இட்லி போதும்" என்று காலையில், மத்தியானம் ஒரு கரண்டி ரசஞ்சோறு, சாயந்திரம் காப்பியில் நனைத்த ரஸ்க், ராத்திரி கஞ்சி. இதில் நாளைக்கு இருபது கிராம் புரதம் தேறினால் பெரிய விஷயம். வயது ஏற ஏற தசை தானாகவே கரையும். அந்த வயதில்தான் புரதம் குறையவே கூடாது. "அம்மாவுக்குக் காலு தாங்கமாட்டேங்குது" என்று சொல்கிறவர்கள், அம்மா அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அப்புறம் பி12. சைவம் சாப்பிடுகிற நாம் நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். பருப்பிலோ கீரையிலோ பழத்திலோ இந்த வைட்டமின் கிடையாது. இதைச் செய்வது பாக்டீரியாக்கள். நமக்கு அது விலங்கு உணவு வழியாகத்தான் வருகிறது. முட்டை, மீன் சாப்பிடுகிறவருக்கு யோசிக்காமலே கிடைத்துவிடும். நமக்குப் பாலும் தயிரும்தான் வழி, அதுவும் தினம் இரண்டு மூன்று டம்ளர் அளவுக்குப் போனால்தான் தேவைக்குப் பக்கத்தில் வரும். காப்பிக்கு ஊற்றுகிற அரை டம்ளர் பால் காணாது. பாலையும் விட்டுவிட்ட நனிசைவர்கள் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும், அதில் வாதமே இல்லை.

எங்கள் சித்திக்கு, அறுபதைத் தாண்டியவர், இரண்டு பாதமும் மதமதவென்று இருந்தது. செருப்பு காலில் இருக்கிறதா கழன்றதா என்றே தெரியாது. வீட்டில் வாயு என்றார்கள், பிறகு சர்க்கரையால் வருவது என்றார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மாத்திரையே பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அல்சருக்கு, நெஞ்செரிச்சலுக்கு என்று நீண்ட காலம் போடும் மாத்திரைகளும் அப்படித்தான். கடைசியில் ஒரு மருத்துவர் ரத்தத்தில் பி12 பார்க்கச் சொன்னார். 200-க்குக் கீழே போனாலே பற்றாக்குறை என்பார்கள், சித்திக்கு 150-ஐக்கூடத் தொடவில்லை. ஊசி போட்டார்கள். அசதியும் தடுமாற்றமும் போயின. மதமதப்பு குறைந்தது, முழுசாகப் போகவில்லை. நரம்பு ரொம்ப நாள் பட்டினி கிடந்தால் திரும்பாமலும் போகலாம். இன்னும் ஒன்று. நம்மில் பலர் கீரை, பயறு நன்றாகச் சாப்பிடுவதால் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் நிறைய இருக்கும். அது பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடலாம். ரத்தம் சரியாக இருக்கிறதே என்று நாம் இருக்கும்போதே உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும்.

புனே பக்கத்துக் கிராமங்களில் 1993-ல் தொடங்கி மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக் குழுவினர் கர்ப்பிணிகளையும் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பெண்களுக்கு பி12 குறைவு. ஃபோலேட் அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. பிள்ளை பெறப் போகிற பெண் சைவம் என்றால் இதை முதலிலேயே பார்ப்பது அவ்வளவு முக்கியம்.

இந்தப் பேச்சை எடுத்தாலே "நம்ம முன்னோர் எல்லாம் மாத்திரையா போட்டாங்க?" என்று ஒருவர் வருவார். பி12-ஐத் தனியாகப் பிரித்தெடுத்ததே 1948-ல்தான். அதற்கு முன்னால் கால் மரத்துப்போய்ப் படுக்கையில் விழுந்த பாட்டிக்கு என்ன நோய் என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? பழைய சோற்றில் பி12 இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். பழைய சோறு வயிற்றுக்கு இதம், நானும் விரும்பிச் சாப்பிடுவேன். அதை நம்பி பி12-ஐ விட முடியாது. சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருப்பதும் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். வருஷம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, குறைந்திருந்தால் மருத்துவர் சொல்கிற மாத்திரை. மாத்திரை போட்டதால் சைவம் தோற்றுப்போனதாக ஆகிவிடாது. இதில் என்ன வெட்கம்?

இரும்புச்சத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சைவ அசைவ வித்தியாசம் இல்லாமல் எல்லோரையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பு லேசில் உடம்பில் சேராது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் நன்றாகச் சேரும். டிபன் சாப்பிட்ட கையோடு காப்பி குடித்தால் சேர்வதும் கெடும். காப்பியை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். கஷ்டம்தான், தெரிந்துதான் சொல்கிறேன்.

ஜிம்முக்குப் போகிற தம்பிமார்கள் டப்பா டப்பாவாகப் புரதப் பவுடர் வாங்குகிறார்கள். 2024-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியே, தசை வளர்க்க இந்தப் பவுடர்கள் வேண்டாம் என்கிறது. நிலக்கடலையில் நூறு கிராமுக்கு இருபத்துநாலு கிராம் போலப் புரதம். சோயாவில் அதைவிடவும் அதிகம். ஆயிரக்கணக்கில் செலவழிக்கிற அந்தப் பணத்துக்கு வீட்டில் எல்லோருக்கும் ஆறு மாதம் சுண்டல் ஓடும்.

கடைசியாக ஒரு கோரிக்கை, அரசாங்கத்திடம். சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டை போடுவது மிக நல்ல திட்டம். சைவ வீட்டிலிருந்து வந்தவன் என்றாலும் அதை முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு அதற்குப் பதிலாகக் கொடுப்பது வாழைப்பழம். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், பி12-ம் உண்டு. வாழைப்பழத்தில் புரதம் ஒரு கிராம் சொச்சம், பி12 இல்லவே இல்லை. பழம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ஒரு டம்ளர் பாலும் ஒரு கை வேகவைத்த கடலையும் சேருங்கள். சத்துணவுக் கூடத்தில் வாரம் ஒரு நாள் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ ஏற்கெனவே வேகத்தான் செய்கிறது. அடுப்பும் பாத்திரமும் ஆளும் அங்கேயே இருக்கிறது. ஒரு பள்ளியில் அப்படி முட்டை சாப்பிடாத பிள்ளைகள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது இதைக் கேளுங்கள். நானும் எங்கள் ஊர்ப் பள்ளியில் கேட்கப்போகிறேன்.