அந்த ஒரு காலிக் கட்டம்

அச்சடித்த தபால்தலை ஆல்பங்கள் மேல் எனக்குத் தீராத கோபம். எந்தத் தலை எங்கே உட்கார வேண்டும் என்று கட்டம் போட்டுப் படத்தோடு காட்டிவிடுகிறார்கள். அப்புறம் பக்கம் நிறையத் தலைகள் இருந்தாலும் கண் நேராகக் காலிக் கட்டத்துக்குத்தான் போகிறது.

பிரிட்டனின் பென்னி ரெட்டையே, அந்தப் பழைய சிவப்பு நிற ஒரு பென்னி தலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1864 முதல் வந்த தலைகளின் ஓர வேலைப்பாட்டில் எந்தத் தகட்டில் அச்சானது என்று காட்டும் அச்சுத்தகட்டு எண் பொடியாகச் செதுக்கப்பட்டிருக்கும். 71இல் தொடங்கி 225 வரை தேடலாம். பெரும்பாலானவை மலிவு, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. ஆனால் 77? அந்தத் தகடு சரியில்லை என்று ஒதுக்கப்பட்டது. தப்பி வெளியே வந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். கோடீஸ்வரனுக்கே எளிதில் சிக்காத அதற்கும் எதற்கு ஒரு கட்டம்? பிரிட்டிஷ் கயானாவின் 1856ஆம் ஆண்டு ஒரு சென்ட் மெஜந்தா நிறத் தலை உலகத்திலேயே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. ஒருவரிடம் அது இருக்கும்வரை மற்ற எல்லோருடைய தொகுப்பும் குறைபட்டதா?

இது போதாதென்று அஞ்சல் துறைகள் வேறு! ஒரே படத்தைத் தனித்தலையாக, மினியேச்சர் ஷீட் என்ற சின்னத் தாளாக, ஓரத்தில் துளையிடாத பதிப்பாக வெளியிட்டுத் தள்ளுகின்றன. ஒரு கடித உறையைக்கூடப் பார்க்காமல் நேரே ஆல்பத்துக்கு வரும் காகிதங்கள். விடுபட்டுவிடுமோ என்ற பயத்தில்தான் வாங்குகிறோம், ஆசையில் அல்ல.

ஊர்ப்பெயரும் தேதியும் கொண்ட அஞ்சல் முத்திரை வட்டமாக, தெளிவாக விழுந்த பழைய தலை ஒன்றை ஆசையாகக் காட்டினால், உடனே கேட்கிறார்கள்: “செட் முழுசா இருக்கா?” பற்றிக்கொண்டு வருகிறது. முதலில் அந்த முத்திரையைப் பாருங்கள் ஐயா!