டி7 விசால போனா அமெரிக்க வரி போயிடாது
"போர்ச்சுகல் டி7 விசா கிடைச்சுட்டா அமெரிக்க வரி பத்தி கவலையே வேணாம்"னு போர்ச்சுகல்ல குடியேறறத பத்தின இந்த கட்டுரைல போட்டிருக்கறது ரொம்ப தப்பான தகவல், இத நம்பி யாராச்சும் வீட்ட வித்துட்டு கிளம்பிடப் போறாங்க. அமெரிக்க சிட்டிசன் எந்த நாட்டுல இருந்தாலும் உலகம் பூரா வர்ற வருமானத்த கணக்கு காட்டித்தான் ஆகணும். மேல கமெண்ட்ல ஒரு நண்பர் 2025க்கு 1,30,000 டாலர் வரைக்கும் விலக்கு இருக்கேன்னு எழுதியிருக்கார், சரிதான், ஆனா அது வெளிநாட்டுல வேலை செஞ்சு சம்பாதிக்கற காசுக்கு மட்டும்தாங்க, டி7 குடுக்கறதே பென்ஷன் வாடகை டிவிடெண்ட்னு வருமானம் வர்றவங்களுக்கு, அதுக்கு இந்த விலக்கு செல்லாது! எங்க சித்தப்பா நியூஜெர்சில ரிட்டயர் ஆகி போர்ச்சுகல்ல இருக்கற போர்ட்டோ நகரத்துக்கு போனவர், அங்க கட்டற வரிய அமெரிக்க வரில கிரெடிட்டா கழிச்சுதான் சமாளிக்கறார், ரெண்டு நாட்டுலயும் ஆடிட்டருக்கு வேற தனித்தனியா காசு. போர்ச்சுகல்ல புதுசா குடியேறறவங்களுக்கு இருந்த பழைய என்எச்ஆர் வரிச்சலுகையையும் 2024லேர்ந்து புதுசா வர்றவங்களுக்கு பொதுவா மூடிட்டாங்க. அப்புறம் வெளிநாட்டு பேங்க் கணக்கெல்லாம் சேர்த்து வருஷத்துல ஒரு நாள் 10,000 டாலர் தாண்டினாக்கூட எஃப்பிஏஆர்னு அந்த கணக்கு விவரத்த அமெரிக்க அரசுக்கு சொல்ற அறிக்கைய ஃபைல் பண்ணணும், அதுக்கு வரி கிடையாது, ஆனா விட்டுட்டா அபராதம் பெருசு. வயசானவங்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவ காப்பீடான மெடிகேரும் அங்க ஆஸ்பத்திரி செலவுக்கு பொதுவா உதவாது, தயவுசெஞ்சு இதையெல்லாம் கட்டுரைல சேருங்க.